பிள்ளை வராத இரண்டு நாள்

போன மாதம் அம்மா தவறிப்போன செய்தியை நம் வகுப்புத் தோழிகள் குழுவில் போட்டேன். எண்பத்தேழு வயது. காலைக் காப்பியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள்கூட யாருக்கும் சுமையாகக் கிடக்கவில்லை. முழங்காலும் சர்க்கரையுமாக இருக்கிற நமக்கு அது எப்பேர்ப்பட்ட வரம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் ஆறுதல் எழுதினீர்கள். பாதிப் பேர் அந்தப் பால் கொடுத்த கதையைத்தான் எழுதியிருந்தீர்கள். அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்த மகராசி என்று.

அதன் கீழே உங்களில் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: “ஆனா அந்த ஆளுக வேதக்கார வீட்டுப் பால் ஆகாதுன்னு ரெண்டு நாள் பிள்ளையக் கொண்டுவராமப் போட்டுட்டாகளே. அப்பவும் உங்க அம்மா ஓடிப்போய்த் தூக்கினாக.” அதற்கு வரிசையாகக் கைகூப்பல்கள்.

அவளைக் குறை சொல்லவில்லை. கிறிஸ்தவ வீட்டுப் பால் என்று கூசிவிட்டார்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது அப்படி நடக்கவில்லை. அந்த இரண்டு நாள் பிள்ளை வராததற்குக் காரணம் நான். இதை ஐந்து பேருக்கு மேல் நான் சொன்னதில்லை. அவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. இனிமேலும் அந்தக் குடும்பத்தின் மேல் இந்தப் பழி கிடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நம் பள்ளியில் நாலாம் வகுப்பு. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பாதையில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் வேலை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத மை அவர் நகக்கண்ணில் இருக்கும். அச்சுத் தப்பிப்போன தாள்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். சிவப்பு ஒரு நூல் நகர்ந்துபோய் இரண்டு உதடு உள்ள முருகன், இருதயம் நெஞ்சுக்கு வெளியே தனியாக நிற்கிற இயேசு, மூக்குத்தி கன்னத்தில் இருக்கிற மாரியம்மன். சுவரில் காரை பெயர்ந்த இடத்திலெல்லாம் அவற்றை ஒட்டி வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்குள் எல்லாச் சாமியும் கொஞ்சம் கலங்கிய கண்ணோடுதான் இருந்தார்கள்.

தம்பிக்கு அப்போது எட்டு மாதம். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு தங்கச்சி பிறந்து மூன்றாம் மாதமே போய்விட்டாள். அவளைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எறும்பு கடித்த காலைச் சொறிந்துகொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கியபோது அம்மாவுக்கு ஒரு குறை. மற்றப் பெண்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடித்தார்கள், நாற்பது நாளும் கவுச்சியைத் தொடாமல் இருந்தார்கள், தலையில் பூ வைக்காமல் இருந்தார்கள். பால் கொடுக்கிறவள் ஒருசந்தி இருக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் அம்மாவைத் தடுத்துவிட்டார். “வக்கணையாத் தின்னுட்டு நான் என்னத்தத் தவக்காலம் கொண்டாட?” என்று திருநீற்றுப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து புலம்பியது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரமே வெடித்தது. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? முதலில் ஜன்னல் கம்பி அதிரும், அப்புறம்தான் சத்தம். கிழக்கே புகை எழும்பியது. எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட, மாதா சபைப் பெண்கள் வழக்கம்போல வாழை இலையும் பழைய வேட்டியும் சேர்க்க ஆரம்பித்தார்கள். வெந்த உடம்பைப் படுக்க வைக்க வாழை இலைதான். கிழித்துச் சுற்ற வெளுத்த வேட்டிதான். அம்மா தம்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பக்கத்து வீடு.

சாயங்காலம் அம்மா திரும்பி வந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்தார். லோடுமேன் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தத் தோளில் ஒரு சின்னப் பெண்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதம். அதன் அம்மாவுக்கு இரண்டு கையும், கழுத்தும், ஒரு பக்கக் கன்னமும் வெந்துபோய் மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவளோடு அவளுடைய தாயார் வேனில் ஏறிப் போய்விட்டார். இந்த மனுஷன் ஆஸ்பத்திரி நடையில், பசியில் நீலம் பாரித்துக் கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அம்மா கையிலிருந்த வேட்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, “இங்கன குடுங்க தம்பி” என்று வாங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. யோசித்துச் செய்தாளா என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். “அது அழுதுச்சு, எனக்குப் பால் சுரந்துச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்பாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள்: “கர்த்தர் எனக்கு ஒருசந்தி குடுத்துட்டாரு.” அப்பா சோற்றைப் பிசைந்தபடி, “அப்ப நல்லாச் சாப்பிடு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அந்த மாமா தினமும் காலையில் பிள்ளையைக் கொண்டுவருவார். அவர் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா. சைக்கிளின் முன்பக்கம் ஒரு சேலையைத் தூளிபோல மார்போடு கட்டி, அதற்குள் பிள்ளை இருக்கும். பகலெல்லாம் எங்கள் வீட்டில். சாயங்காலம் லோடு ஏற்றி முடித்துவிட்டு வந்து தன் அக்கா வீட்டுக்குத் தூக்கிப்போவார். அங்கே ராத்திரிக்குச் சங்கில் ஏதாவது புகட்டுவார்கள். அந்தச் சேலை பிள்ளையுடைய அம்மாவின் வேலைச் சேலை. பட்டாசுக்குப் போடுகிற வெள்ளித் தூள் அதன் நெசவுக்குள் ஏறியிருந்தது. எத்தனை தடவை உதறினாலும் போகவில்லை. அந்தச் சேலையில் போட்டால்தான் பிள்ளை தூங்கும். மதியம் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழும்போது தூளி முழுக்க மினுங்கும். சில நாள் தம்பியின் கன்னத்திலும் அந்த மினுக்கம் ஒட்டியிருக்கும்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

அம்மாவுக்கு என் பக்கம் திரும்ப நேரமில்லை. மே மாதம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்து வைத்திருந்தது, தைக்கக் கொடுக்கவில்லை. என் தலை சீவாமலே பள்ளிக்கூடம் போனேன். நீங்கள் கேலிகூடச் செய்தீர்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அத்தை தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று சொல்லுவாள்: “ரெண்டு வாய்க்கு ஒரு மாரு எப்படிக் காணும்? உன் தம்பி விலாவப் பாத்தியா? எண்ணலாம் போல இருக்கு. இதுக்கு முன்ன ஒண்ணத் தூக்கிக் குடுத்தது போதாதாக்கும்.”

நான் தம்பியின் சட்டையைத் தூக்கி விலாவை எண்ணினேன். உண்மையில் அவனுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. வயிற்றுப்போக்கில் கொஞ்சம் இளைத்திருந்தான். பல் முளைக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதுதான். இது எனக்கு என் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சின்னப் பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்பதும், அவர்களைப் புதைக்கிற குழி எவ்வளவு சின்னதாக இருக்கும் என்பதும்தான்.

ஒரு வியாழக்கிழமை. அம்மா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். வழக்கமாக அம்மா வந்த பிறகுதான் மாமா வருவார். அன்று லாரி சீக்கிரம் வந்துவிட்டதாம், பொழுது விடிந்ததுமே சைக்கிள் மணி கேட்டது. நான் வாசலுக்குப் போனேன். முந்தின நாள்தான் எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அம்மை போட்டு, அவள் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். அது என் வாயில் வந்துவிட்டது.

“அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கு மாமா. பிள்ளையக் கொண்டுவர வேண்டாம்னு சொன்னாக.”

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். தூளிக்குள் பிள்ளை கையை வெளியே நீட்டியது. “எப்பம்மா?” என்றார். “ராத்திரி” என்றேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, எங்கள் வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். “ஆத்தா குளுந்து இறங்கட்டும். அக்காவ நல்லாப் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெரு முனை வரைக்கும் வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று முழுவதும் தம்பி வயிறு முட்டக் குடித்தான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அம்மா பத்து மணி வரைக்கும் வாசலைப் பார்த்தாள். அப்புறம் கொல்லைக்குப் போய்ப் பால் கட்டிய மார்பைப் பிழிந்து வாழை மரத்தடியில் விட்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தை வேலியோரம் வந்து, “நான் சொன்னேன்ல? அவுக ஆளுக சொல்லிருப்பாக, வேதத்துல சேத்துருவாகன்னு. ஒம் பாலு வேணும், ஒன் சாமி வேண்டாம். அம்புட்டுத்தான்” என்றாள். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாளும் பிள்ளை வராதபோது அப்பா, “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றாள் அம்மா. “கூசுறவுக வீட்டுல போயி நின்னு எம் பால் வேணுமான்னு கேப்பாகளாக்கும்?”

அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. அன்று வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்த படங்களின் முன்னால் ஒவ்வொரு தலமாக முழங்காலிட்டு எழும்போது அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்து இருந்ததைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஆறாம் தலத்தில் ஒரு பெண் இயேசுவின் முகத்தைத் துடைக்கிற படம். அதற்கு மேல் என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தெருவிலிருந்து குரல் கேட்டது. “அக்கா! ஆத்தா இறங்கிட்டாளா?”

அம்மா வெளியே வந்தாள். நான் அவள் பின்னால். மாமா எங்கள் வாசலுக்குப் பத்தடி தள்ளி, தெருவின் அந்த ஓரத்தில் நின்றிருந்தார். கையில் இரண்டு இளநீர், ஒரு கத்தை வேப்பிலை, ஒரு பொட்டலம். கால் இரண்டும் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். அம்மாவைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது.

“என்ன தம்பி சொல்றீக? எந்த ஆத்தா?”

“ஒங்களுக்கு அம்மைன்னு... இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போயிட்டு வாரேன்க்கா. எம் பொஞ்சாதிக்கும் ஒங்களுக்கும் சேத்துக் கும்புட்டு, காலைப் பஸ்ஸுல வந்து இறங்குனேன். மஞ்சத்தண்ணியும் திருநீறும் இருக்கு.”

முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பங்குனி வெயில்.

“எனக்கு அம்மைன்னு யாரு சொன்னா?” என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்தது ஒரு நொடிதான் இருக்கும்.

“யாரோ சொன்னாகக்கா. லாரி சத்தத்துல எங் காதுல தப்பா விழுந்துருக்கும்” என்றார்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. “பிள்ளை எங்க?” என்றாள். அவர் முகம் மாறியது. “எங்க அக்கா வீட்டுல. ஆட்டுப்பால் குடுத்தாக. ஒத்துக்கிடல. நேத்துலருந்து வயித்தால போகுதாம், இப்பந்தான் வந்து...”

அம்மா செருப்புக்கூடப் போடவில்லை. தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு ஓடினாள். நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. அதுவரை நான் அங்கே போனதில்லை. கூரை நிழலில் கட்டிலில் பிள்ளை கிடந்தது. அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது, உதடு உலர்ந்து வெடித்திருந்தது. அம்மா மார்பில் வைத்தாள், அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை. விரலால் பிழிந்து ஒவ்வொரு சொட்டாக உதட்டில் விட்டாள். பாதி வழிந்து கழுத்தில் ஓடியது. “முழுங்குத்தா, முழுங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாசலில் கோழியை விரட்டிக்கொண்டு அழுதாள். ஒருவரும் யார் வீட்டுப் பால் என்று கேட்கவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி, குளுக்கோஸ், தலையில் ஊசி குத்த நரம்பு தேடியது எல்லாம். நான் வெளியே வேப்பமரத்தடியில் தம்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த மந்திரமெல்லாம் சொன்னேன். தெரியாத மாரியம்மனிடமும் கேட்டேன். காலண்டர் தாளில் பார்த்த, மூக்குத்தி விலகிய முகத்தை நினைத்துக்கொண்டு.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து ஓலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா நடையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. நான் ஓலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “என்ன, வெயிலா?” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு பிள்ளை ராப்பகல் எங்கள் வீட்டில்தான். மாமா சாயங்காலம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார். என்னிடம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு தடவை எனக்கு ஒரு சீனிமிட்டாய்ப் பொட்டலம் வாங்கிவந்தார். அதைத் தின்ன முடியாமல் கோழிக்குப் போட்டேன்.

அந்தப் பரிசுத்த வாரத்தில்தான் நமக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. வேதக் கல்வி சொன்ன சிஸ்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்கும் நினைவிருக்கும்: பாவத்தை மறைத்துவிட்டு நன்மை வாங்கினால் பாவம் இரட்டிப்பு. நான் முழங்காலிட்டு, “பொய் சொன்னேன், மூணு தடவை. சீனி திருடினேன், ஒரு தடவை” என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது உள்ளே போனதைவிடக் கனமாக இருந்தது.

மே மாதம் பிறந்து, கோயிலில் தினமும் மாதா வணக்கமாதப் பூசை. புதுநன்மைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிள்ளையுடைய அம்மாவை மதுரையிலிருந்து அனுப்பினார்கள். மாமா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். சின்ன வயசு, இருபத்திரண்டு இருக்கலாம். கன்னத்திலும் கழுத்திலும் தோல் ரோஸ் நிறத்தில் இழுத்துக்கொண்டு இருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. அவள் வாசலிலேயே நின்று, அம்மா இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

பிள்ளை அந்தக் கைகளைப் பார்த்து வீறிட்டது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

அவள் கையை மடக்கிக்கொண்டாள். அழவில்லை. “என்னைத் தெரியல அதுக்கு” என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பால் ஆஸ்பத்திரியிலேயே வற்றிப்போயிருந்தது.

அவர்களை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னாள் அம்மா. இரண்டு நாள் பார்த்தாள். அம்மா கண்ணில் படுகிற வரைக்கும் பிள்ளை பெற்றவளிடம் போகவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா ஒரு பையில் துணியை வைத்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். சாத்தூரில் இருந்த என் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

“இப்பமா?” என்றார் அப்பா. “அது பால் இல்லாம என்ன செய்யும்?”

“ஏழு மாசம் ஆகப்போகுது. இட்லியக் கரைச்சுக் குடுத்தா இறங்குது. நான் இங்கன இருந்தா அது என்னையத்தான் தேடும். எம் பிள்ளையாவே ஆயிரும்.” அதைச் சொல்லும்போது அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் திரும்பி, “அவளுக்குக் கை வராது. நீ கூட இரு. ஆனா நீ ஊட்டாத. கிண்ணத்தைப் பிடி, அவ ஊட்டட்டும்” என்றாள்.

முதல் நாள் பிள்ளை அழுததை நான் சொல்ல மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும். அவள் மடங்காத விரலால் கரண்டியைப் பிடிப்பாள், அது நழுவும், நான் எடுத்துக் கொடுப்பேன். பிள்ளை துப்பும். இவள் துடைப்பாள். மதியம் அது அழுது ஓய்ந்து என் மடியில் விக்கிக்கொண்டு கிடந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

“அத்தை” என்றேன். மாமா பெண்சாதி என்பதால் அத்தை. “தம்பிக்குப் பால் காணாதுன்னு நாந்தான் அம்மைன்னு பொய் சொன்னேன். அதனாலதான் பிள்ளைக்கு அப்படி ஆச்சு. மாமா என்னையக் காட்டிக் குடுக்கல.”

அவள் என்னைப் பார்த்தாள். வெந்த பக்கம் அசையாமல், மறுபக்கம் மட்டும் சிரித்தது.

“தெரியும் புள்ள. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாரு. ‘ஒரு குட்டி சொன்னதக் கேட்டு இருக்கன்குடிக்கு நடந்துட்டேன்’னாரு. பிள்ளை பிழைச்சுக்கிடுச்சுன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் சொன்னாரு. தீப்பட்ட பிறகு அன்னைக்குத்தான் முதல்தடவ சிரிச்சேன். கன்னத்துக் கட்டு இழுத்து உசுரு போச்சு.”

“கோவம் வரலையா?”

“வந்துச்சு. வராம இருக்குமா? அப்புறம் எம் பொய்ய நெனச்சேன். பிள்ளைக்கு மூணு மாசந்தான் ஆகியிருந்துச்சு, ஆறு மாசம்னு மேனேஜர்ட்ட பொய் சொல்லித்தான் மறுபடி வேலைல சேந்தேன். இல்லைன்னா அந்த ரூமுக்குள்ள நான் இருந்திருக்க மாட்டேன். நீ ஒந் தம்பி பிழைக்கணும்னு சொன்ன. நான் இவ பிழைக்கணும்னு சொன்னேன். ரெண்டு பொய்க்கும் இந்தச் சின்னது பட்டுருச்சு. விடு. கிண்ணத்த எடு.”

நான் கிண்ணத்தை எடுத்தேன். அழுதுகொண்டே பிடித்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு விரலாலேயே தொட்டு வாயில் வைத்தாள். பிள்ளை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. தோல் புதிதாக இருந்ததால் சப்பி விளையாட வழவழவென்று இருந்ததோ என்னமோ. விடவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா தம்பியோடு திரும்பி வந்தாள். தெருவிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். பிள்ளை தன் அம்மா தோளில் இருந்தது. என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது, ஒரு கையை ஆட்டியது. அப்புறம் திரும்பி அந்த ரோஸ் நிறக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

“அப்பாடா” என்றாள் அம்மா. படியில் உட்கார்ந்தாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். மறுநாள் காலையில் அவர்கள் மூவரும் சைக்கிளில் ஏறித் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மதியமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“அவுக கூசித்தான் பிள்ளையக் கொண்டுவரலன்னு நான் நெனச்சேனே” என்றாள். “ரெண்டு நாளு. ஓடைதான் நடுவுல. ஒரு எட்டுப் போகல. அந்த மனுஷன் எனக்காக வெயில்ல நடந்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் வீம்பா வாழைமரத்துக்குப் பாலப் பிழிஞ்சு விட்டுட்டு இருந்திருக்கேன்.”

புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பாவசங்கீர்த்தனத் தொட்டி முன்னால் நாலைந்து பேர் வரிசை. அம்மா எனக்கு முன்னால் நின்றாள். அவள் முறை வந்து முழங்காலிட்டவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். பிறகு நான் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், வேப்பிலை, வெறுங்கால், உச்சிக்குழி எல்லாம். சாமியார் மெதுவாக, “அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். “இட்லி திங்குது சாமி” என்றேன். பாவத்துக்குப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

நான் மூன்றையும் சொல்லி முடித்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தேன். அம்மா இன்னும் பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக எழுந்து வந்தாள்.

“ஒனக்கு எத்தனை?” என்றாள், கோயில் வாசலைத் தாண்டியதும்.

“மூணு. உனக்கு?”

“பத்து” என்று சொல்லி, தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

என்னைவிட ஏழு அதிகம். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு அம்புட்டு நிம்மதி.